நாளை என்னும் புகலிடம்

எம்மிடையே எழுதப்பட்ட நூல்களின் பட்டியலைவிட எழுதப்படாத நூல்களின் பட்டியல் நீண்டது. ஊர் முதியவர்களிடம் எஞ்சியிருக்கும் நாட்டுப்பாடல்களைத் திரட்ட எண்ணியிருப்போர், சிங்கள மொழியை முறையாகக் கற்க முடிவு செய்திருப்போர், பட்டப்பின் ஆய்வுக்குப் பொருள் தேர்ந்து வைத்திருப்போர், கிராமத்து வாசிகசாலையைப் புதுப்பிக்க உறுதி பூண்டிருப்போர் எனப் பலரை எந்தப் பாடசாலையின் ஆசிரியர் அறையிலும் காணலாம். எண்ணத்திற்குக் குறைவில்லை, ஆற்றலுக்கும் பெரும்பாலும் குறைவில்லை. குறைவது தொடக்கம் ஒன்றே. தவணை முடியட்டும், பரீட்சை முடியட்டும், மழை முடியட்டும் என்று ஆண்டுகள் கழிகின்றன.

இதனைத் தனிமனிதரின் சிறு பலவீனமாகக் கொண்டு புன்னகையோடு கடந்துவிடுதல் எமது வழக்கம். ஒருவர் தமது எண்ணத்தை நிறைவேற்றாவிடின் நட்டம் அவருக்குத்தானே என்று கேட்கவும் கூடும். அந்நட்டம் அவரோடு நிற்கிறதா என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்பும் வினா.

தள்ளிப்போடுதலைச் சோம்பல் எனக் கூறிவிடுவது எளிது. எமது மரபோ இவ்விரண்டையும் வேறுபடுத்தியே கண்டது. திருக்குறளின் மடியின்மை அதிகாரத்தில், கெட்டொழியும் இயல்பினர் விரும்பும் கலமாக நான்கு குற்றங்கள் கூறப்படுகின்றன. நெடுநீர், மறவி, மடி, துயில் என்பன அவை. விரைந்து செய்யவேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பு நெடுநீர் எனப்படும். மடியாகிய சோம்பல் தனியே எண்ணப்பட, நீட்டிப்பு அதற்கும் முன்னதாக வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வேறுபாடு பொருள் பொதிந்தது. சோம்பேறி ஒன்றும் செய்யான். நீட்டிப்பவனோ நாள் முழுதும் உழைக்கிறான். செய்யவேண்டிய ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் செய்கிறான். கட்டுரை எழுத அமர்ந்தவர் முதலில் மேசையை ஒழுங்குபடுத்துகிறார். பின்னர் கைத்தொலைபேசியில் உலக நடப்பை அறிகிறார். இன்னும் ஒரு நூலை வாசித்துவிட்டுத் தொடங்கலாம் என்று அந்நூலைத் தேடிப் புறப்படுகிறார். மாலையில் உண்மையான களைப்போடு வீடு திரும்புகிறார். அவரைச் சோம்பேறி என எவரும் சொல்லார். அவரும் அவ்வாறு எண்ணார். நெடுநீரின் வலிமை இதிலேயே இருக்கிறது.

இத்தகைய நீட்டிப்பு, நேரத்தைப் பங்கிடத் தெரியாமையால் மட்டும் விளைவதன்று என்பதை அண்மைக்கால உளவியலாளர் பலர் விளக்கியுள்ளனர். குறித்த பணியை நினைக்கும்போது எழும் அச்சம், சலிப்பு, தன்னையே ஐயுறும் நிலை ஆகியவற்றிலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கொள்ளும் வழியாகவே மனிதர் அதனைத் தள்ளிவைக்கின்றனர் என்பது அவர்கள் கருத்து. எழுதாதவரை ஒருவரது நூல் அவர் மனத்தில் குற்றமற்றதாக இருக்கிறது. எழுதத் தொடங்கிய கணமே அது குறைகளோடு கண்முன் வந்து நிற்கிறது. குறையுள்ள நூலின் ஆசிரியராக இருப்பதைக் காட்டிலும், எழுதப்படாத சிறந்த நூலின் ஆசிரியராக இருப்பது மனத்துக்கு இதமானது. அந்த இதத்திற்குப் புகலிடமாக அமைவதே நாளை என்னும் சொல்.

இவ்விடத்தில் முற்போக்கு வாசகர் ஒரு தடையை எழுப்பலாம். முயன்றால் முன்னேறலாம், விடியற்காலையில் எழுந்தால் வெல்லலாம் எனக் கடைகளில் விற்கும் அறிவுரை நூல்கள் யாவும், வறுமைக்குக் காரணம் வறியவரின் ஊக்கமின்மையே என்று மறைமுகமாகச் சொல்வன அல்லவா? நீங்களும் அப்பாட்டையே பாடுகிறீர்களா? தடை நியாயமானது. மலையகத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நாளை என்ற புகலிடம் இல்லை. குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிட்டால் அன்றைய வேலை அரைப்பேராகக் கணக்கிடப்படும் வழக்கத்தை அவள் நன்கு அறிவாள். காலபோகத்துக்கு விதைக்கும் விவசாயியின் பொருட்டு மாரி மழை காத்திருப்பதில்லை. இவர்கள் தங்கள் சொந்த விருப்பங்களைப் பின்போடுகிறார்கள் எனின், அது அவர்களுக்கென ஒரு நாழிகை எஞ்சாமையால் விளைவது. 1886ஆம் ஆண்டு சிக்காகோவில் எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் கிளர்ந்தபோது, அவர்கள் கேட்டது ஓய்வை மட்டுமன்று. தம் விருப்பப்படி பயன்படுத்தக்கூடிய சில மணி நேரத்தையும் கேட்டனர். நேரமே பறிக்கப்பட்டவரிடம் சென்று, நேரத்தை வீணாக்காதே என்று போதிப்பது கொடுமை.

ஆகவே நீட்டிப்பு என்ற குற்றச்சாட்டை எவர்மீது சுமத்துவது என்பதில் நாம் தெளிவாயிருத்தல் வேண்டும். தன் கையில் ஓரளவு நேரம் உடையவனே அதனைத் தள்ளிப்போட முடியும். அந்த நேரம் எங்கிருந்து வந்தது? 1945இல் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாய்ப் பல்கலைக்கழகம் வரை சென்றவர்கள் நாம். எமது படிப்பின் செலவைத் தேயிலையும் நெல்லும் விளைவித்த கைகள் சுமந்தன. படித்தவனின் ஓய்வு மணி அவனுக்கு எவரோ ஈட்டிக் கொடுத்த மணி. அதனைத் தன் அச்சத்தைப் பேணுவதற்குச் செலவிடுவானாயின், கடன் வாங்கிய பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பவனுக்கும் அவனுக்கும் வேறுபாடில்லை.

தொடங்காத பணியின் சுமை இன்னொருவர் தோளில் இறங்குவதற்குப் பெரியோர் வாழ்விலேயே சான்றுண்டு. 1845 ஜனவரியில் எங்கெல்ஸ், அப்போது பாரிசிலிருந்த மார்க்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். பொருளாதாரம் பற்றிய நூலை, அதில் நிறைவு தராத பகுதிகள் இருப்பினும் முடித்துவிடுமாறும், மக்கள் மனம் பக்குவப்பட்டிருக்கும் வேளையைத் தவறவிடலாகாது எனவும் அதில் வற்புறுத்தினார். அடுத்த மாதமே லெஸ்கே என்ற பதிப்பாளரோடு மார்க்ஸ் ஒப்பந்தமும் செய்துகொண்டார். அந்நூல் வெளிவரவேயில்லை. மூலதனத்தின் முதற் பாகம் 1867இல் வெளியாயிற்று. எஞ்சியவை கைப்பிரதிகளாகக் கிடக்க, 1883இல் மார்க்ஸ் மறைந்தார். அவருடைய கையெழுத்தை வாசித்து, துண்டுகளை இணைத்து, 1885இல் இரண்டாம் பாகத்தையும் 1894இல் மூன்றாம் பாகத்தையும் வெளிக்கொணர்ந்தவர் எங்கெல்ஸ். தம் இறுதிக் காலத்தின் பத்தாண்டுகளுக்கு மேலாக அவர் இதிலே கழித்தார். 1895இல் அவரும் மறைந்தார். வறுமை, நோய், பிள்ளைகளின் மரணம், வயிற்றுக்காகப் பத்திரிகைக்கு எழுதவேண்டியிருந்த நிலை என மார்க்சின் தாமதத்துக்குக் காரணங்கள் பல. அவரை நெடுநீர் என்று பழிப்பது அறியாமை. எனினும் நல்ல காரணங்களால் விளைந்த தாமதத்துக்கே ஒரு நண்பர் இவ்வளவு விலை கொடுத்தார் எனின், காரணமற்ற எமது தாமதத்துக்கு விலை கொடுப்போர் எத்தனை பேர் என எண்ணிப் பார்க்கலாம்.

நிறைவுக்காகக் காத்திராது தொடங்கியவர் ஒருவரின் சான்று எமது மண்ணிலேயே உண்டு. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் அரசாங்கத்தின் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்தார். பழந்தமிழ் நூல்கள் ஏடுகளாகச் செல்லுக்கு இரையாகிக்கொண்டிருந்த காலம் அது. ஏட்டைத் தொட்டால் ஓரம் ஒடியும். கட்டு அவிழ்த்தால் இதழ் முறியும். முழுநேரப் புலவர் பலர் இருக்க, உத்தியோகச் சுமையுடைய ஒருவர் அப்பணியை மேற்கொள்ள வேண்டுமென்ற நியதி இருக்கவில்லை. ஆயினும் அவர் 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்.

அப்பதிப்புகள் குறையற்றவை அல்ல. பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரை என்று அவர் வெளியிட்டதில், மெய்ப்பாட்டியல் முதலிய பின்பகுதி இயல்களுக்குரிய உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர் எடுத்துக்காட்டினர். இதனை அவருக்கு நேர்ந்த இழுக்காக நாம் கருதவில்லை. அச்சேறிய நூலாதலால் பலர் கையிலும் அது தவழ்ந்தது; பலரும் ஒப்பிட்டு நோக்கினர்; பிழை வெளிப்பட்டது; அறிவு ஒரு படி முன்சென்றது. எல்லா ஐயமும் தீர்ந்தபின் அச்சிடலாம் என அவர் காத்திருந்திருப்பின், திருத்துவதற்குரிய பிழையும் இருந்திராது; ஏடும் இருந்திராது. பிழையோடு தொடங்கப்பட்ட பணியைச் சமூகம் திருத்திக்கொள்ளும். ஒருவர் மனத்தில் மட்டும் குற்றமின்றி இருக்கும் பணியைச் சமூகம் தொடவும் முடியாது. அறிவு கூட்டுழைப்பின் விளைவு என்பதை நாம் உண்மையாகவே நம்புவோமாயின், இறுதிச் சொல்லையும் நாமே சொல்லிவிட வேண்டும் என்ற தன்முனைப்பைக் கைவிடுதல் வேண்டும்.

காலம் எமக்காகக் காத்திராது என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் உவமை கூறி விளக்கவேண்டியதில்லை. 1981இல், மே 31ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. எரித்தவரே அக்குற்றத்துக்கு உரியவர்; அதில் எவருக்கும் ஐயம் வேண்டாம். ஆயின் படியெடுக்கப்பட்டவை வேறெங்கோ பிழைத்தன, படியெடுக்கப்படாதவை திரும்பவேயில்லை. பிற்காலத்தில், போரும் இடப்பெயர்வும் ஓயாதிருந்த சூழலிலே, 2005இல் தன்னார்வலர் சிலர் நூலகம் என்ற பெயரில் ஈழத்து எழுத்துக்களை மின்வடிவில் சேமிக்கத் தொடங்கினர். கட்டிடமும் அரசாங்க ஆதரவும் வரட்டும் என அவர்கள் காத்திருக்கவில்லை. இன்று ஒரு மாணவன் பழைய சஞ்சிகை ஒன்றைத் தன் வீட்டிலிருந்தே வாசிக்க முடிகிறதெனின், அது அன்று சிலர் தங்கள் மாலைப்பொழுதுகளைக் கொடுத்ததனால் விளைந்த பயன்.

இதனால் காத்திருத்தல் யாவும் குற்றமென்று நாம் கூறவில்லை. காலந்தாழ்த்திச் செய்யத்தக்கதைக் காலந்தாழ்த்தியே செய்க, உடன் செய்யத்தக்கதைத் தாழ்த்தற்க என்பது வள்ளுவர் வினைசெயல்வகையில் காட்டும் நெறி. அவ்வதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆராய்ச்சிக்கு முடிவு துணிதல் எனவும், துணிந்தபின் அத்துணிவைத் தாமதத்தில் கிடக்க விடுதல் தீது எனவும் அவர் வரையறுத்தார். லெனின் 1917இல் எழுதிய அரசும் புரட்சியும் என்ற நூலின் இறுதி அத்தியாயம் எழுதப்படாமலே நின்றது. புரட்சியின் அனுபவத்தினூடே செல்வது அதைப் பற்றி எழுதுவதினும் இனியது, பயனுடையது எனப் பின்னுரையில் அவர் குறிப்பிட்டார். ஒரு பணியைப் பெரிய பணியொன்றுக்காக விடுவது வேறு; ஒன்றுக்காகவும் விடாமல் விட்டுவைப்பது வேறு. நாம் காத்திருக்கும் காலத்தில் எது வந்து சேரப்போகிறது என்று கேட்டால் இவ்வேறுபாடு புலப்படும். மழை வரும், ஆவணம் வரும், தோழர் வருவார் என்று விடை கூற முடியுமாயின் காத்திருப்பு நியாயமானது. என் மனநிலை வரும் என்பதே விடையாயின், நாம் ஒளிந்துகொண்டிருக்கிறோம்.

எமது அணியினருக்கே உரிய ஒரு புகலிடத்தையும் ஈண்டுச் சுட்டவேண்டும். சமுதாய அமைப்பு மாறாத வரையில் எதைச் செய்து என்ன பயன் என்ற பேச்சு எமது கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. அமைப்பு மாறவேண்டும் என்பதில் எமக்கு இரு கருத்து இல்லை. ஆயினும் அம்மாற்றத்தைக் காரணங்காட்டி, பின்வாங்கில் அமர்ந்திருக்கும் எழுத்தறியாப் பிள்ளைக்கு இவ்வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்காத ஆசிரியர், மாற்றத்தையும் நாளைக்கே தள்ளிவைக்கிறார். அப்பிள்ளையின் பத்தாவது வயது மீண்டும் வராது.

எவ்வாறு தொடங்குவது? பெருந்திட்டங்களால் பயன் குறைவு. ஜெர்மானிய உளவியலாளர் பீற்றர் கொல்விட்சர் 1999இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் காட்டிய உண்மை எளிமையானது. செய்யப்போகிறேன் என்று பொதுவாக எண்ணுவோரைவிட, இன்ன வேளையில், இன்ன இடத்தில், இன்ன முறையில் செய்வேன் என வரையறுத்துக்கொள்வோர் தம் எண்ணத்தை நிறைவேற்றும் வாய்ப்பு அதிகம். நாட்டுப்பாடல்களைத் திரட்டுவேன் என்பது ஆசை. சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு மேற்குத் தெருவிலுள்ள மூதாட்டியின் திண்ணையில் அமர்ந்து ஒரு தாலாட்டை எழுதுவேன் என்பது வேலை. அதிலும், அவ்வேலையை இன்னொருவரிடம் சொல்லிவைப்பதும், இயன்றால் அவரையும் உடனழைத்துச் செல்வதும் நன்று. தனியே எடுக்கும் உறுதியைத் தனியே கைவிடுவது எளிது. மூவர் கூடும் வாசிப்பு வட்டத்தில், இருவர் வந்து காத்திருப்பார்கள் என்ற நினைவே மூன்றாமவரை எழுப்பி அனுப்பும். மாணவருக்கு இதனைச் சொல்லிக் கொடுப்பதினும், அவர்கள் காணச் செய்துகாட்டுவது மேலானது.

முதல் நாள் எழுதும் பக்கம் நன்றாயிராது. தாலாட்டின் இரண்டு அடிகள் தவறிப் போகும். சிங்களத்தில் பேசும் முதல் வாக்கியத்தைக் கேட்டுச் சந்தைக்காரர் சிரிக்கக்கூடும். சிரித்தபின் திருத்தியும் சொல்வார். அத்திருத்தமே நாம் தொடங்கியமைக்குக் கிடைக்கும் முதற் பயன். மேற்குத் தெரு மூதாட்டிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அடுத்த தவணை விடுமுறை எமக்கு வரலாம். அவருக்கும் வரும் என்பதற்கு எவரும் உறுதி கூற முடியாது.