பொதுத் தீர்வும் நம் ஊர்க் கிணறும்

வகையீட்டுச் சமன்பாடுகளைக் கற்பதால் யாது பயன் என்று யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் கேட்பாராயின், அவருக்கு விடை சொல்ல இரு சாரார் ஆயத்தமாக இருக்கிறார்கள். சோதனையிற் சித்தியடையலாம், பொறியியலாளராகலாம், குடும்பத்தைக் கரையேற்றலாம் என்பர் ஒரு சாரார். அறிவு அறிவுக்காகவே, அதனிடம் பயன் கேட்பது அற்பத்தனம் என்பர் மற்றோர். முன்னவர் கணிதத்தை ஏணியாக்குகிறார்கள். பின்னவர் அதனைக் கருவறைச் சிலையாக்குகிறார்கள். இருவருமே வினாவைத் தட்டிக் கழிக்கிறார்கள். கற்றவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே அம்மாணவரின் வினாவினது உட்கிடை. அஃது ஓர் ஒழுக்க வினா. அதற்கு விடை காண அச்சமன்பாட்டையே துணைக்கொள்ளலாம் என்பது நமது கருத்து.

பொருள்களின் நிலையைக் கூறும் கணிதம் மிகப் பழையது. அவை மாறும் விதத்தைக் கூறும் கணிதமோ பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிற்சும் அமைத்த நுண்கணிதத்தினால் உரம் பெற்றது. ஊசற்குண்டு இக்கணத்தில் எங்கே நிற்கிறது என்று வகையீட்டுச் சமன்பாடு சொல்வதில்லை. எங்கே நின்றால் எவ்வளவு ஆர்முடுகலோடு மீளும் என்று மட்டுமே சொல்கிறது. அச்சிறு விதியிலிருந்து ஊசலின் இயக்கம் முழுவதையும் வருவித்துக் கொள்வதற்கே தீர்த்தல் என்று பெயர். தீர்க்கும்போது பெறுமானம் குறிக்கப்படாத மாறிலிகள் சில வந்து சேரும். அவற்றோடு கூடியது பொதுத் தீர்வு. ஊசல் எங்கிருந்து, எவ்வளவு வேகத்தோடு விடப்பட்டது என்ற தொடக்க நிபந்தனைகள் கிடைத்த பின்னரே மாறிலிகள் எண்களாகி, அந்த ஓர் ஊசலுக்கே உரிய தீர்வு பிறக்கிறது. பொதுத் தீர்வு எல்லா ஊசல்களுக்கும் உரியது. ஆதலால் எந்த ஓர் ஊசலைப் பற்றியும் அது முழுச் செய்தியைத் தருவதில்லை.

இவ்விடத்தில் தத்துவம் தலைகாட்டுகிறது. பிரபஞ்சத்தின் ஒவ்வொரு துணிக்கையும் ஒரு கணத்தில் இருக்கும் நிலையையும் அதனை இயக்கும் விசைகளையும் அறியவல்ல பேரறிவு ஒன்று இருக்குமாயின், இறந்தகாலமும் எதிர்காலமும் அதற்கு ஒருங்கே புலனாகும் என்று பிரெஞ்சு அறிஞர் லாப்பிளாசு 1814ஆம் ஆண்டில் எழுதினார். இதனைக் கேட்டு உள்ளம் குளிர்வோர் நம்மிடையே உளர். எல்லாம் தலையெழுத்தின்படியே நடக்கும், விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். உராய்வற்ற ஊசலை மாத்திரம் படித்தவருக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. அவ்வூசல் தன் தொடக்கத்தை ஒருபோதும் மறப்பதில்லை. முதலில் எப்படி விடப்பட்டதோ அப்படியே என்றென்றும் ஆடும். ஆனால், உலகத்துச் சமன்பாடுகள் யாவும் ஊசலின் சமன்பாடுகள் அல்ல. வேறொன்றைக் காண்பதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. வகுப்பறைக்கு வெளியே உள்ள கிணற்றடி போதும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிகாலத்தில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லை வடிவாக மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரிலும் சற்றே அடர்த்தி குறைந்தது; அச்சிறு வித்தியாசமே நமது குடிநீருக்கு ஆதாரம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பதை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபென் என்பவரும் 1901இல் ஜேர்மனியரான ஹேர்ட்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே எடுத்துக்காட்டினர். இக்கணக்கைத் திருப்பி வாசித்தால் நெஞ்சு திடுக்கிடும். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏறும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வுண்மைக்குக் கண்கண்ட சான்று.

இவ்வில்லைக்கும் ஒரு சமன்பாடு எழுதலாம். மழையால் ஊறும் அளவிலிருந்து, இறைக்கும் அளவையும் கடலுக்கு ஒழுகும் அளவையும் கழித்தால் எஞ்சுவதற்கு விகிதசமமாக நீர்மட்டம் மாறும். நீர்மட்டம் உயர்ந்தால் ஒழுக்கும் கூடும். தாழ்ந்தால் அதுவும் குறையும். உண்மையான நிலம் இதனிலும் பன்மடங்கு சிக்கலானது என்பது மெய்யே. ஆயினும் நடப்பின் போக்கைக் காட்டுவதற்கு இம்முதலாம் வரிசை ஏகபரிமாணச் சமன்பாடு போதும். பல்கலைக்கழகத்து முதலாண்டு மாணவர் அதனை ஒரு மணி நேரத்துள் தீர்த்துவிடுவார். தீர்வில் இரு பகுதிகள் உண்டு. தொடக்கத்தில் நீர்மட்டம் எங்கே இருந்தது என்பதைக் காட்டும் பகுதி காலம் செல்லச் செல்லத் தேய்ந்து மறைகிறது. ஊறுவதற்கும் இறைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தால் அமையும் பகுதியே ஈற்றில் நிலைக்கிறது. பாட்டன் காலத்தில் கிணறு வழிந்தோடியது என்ற பழம்பெருமை நீரைக் காக்காது. முன்னொரு காலத்தில் அது வற்றியது என்பதும் சாபமாகிவிடாது. நாம் ஆண்டுதோறும் இறைப்பதும் ஊறவிடுவதுமே நீரின் கதியை நிர்ணயிக்கின்றன. விதிவாதிகளுக்கு இதனிலும் தெளிவான மறுப்பை எந்த மேடையில் நின்று சொல்வது?

நம் முன்னோர் துலா மிதித்து இறைத்த காலத்தில், மனிதரின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகியபோது அவ்வெல்லை அகன்றது. தோட்டக்காரரின் முதுகு நிமிர்ந்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பெருகின. இதனை இழிவாகப் பேசுவது நமது நோக்கமன்று. உடல் முறிய உழைத்தவருக்கு இயந்திரம் விடுதலையே. ஆயின், ஒருவர் இயந்திரம் பூட்டி இறைக்கும்போது அயலவரின் கிணற்றிலும் நீர் தாழ்கிறது. சமன்பாட்டில் வேலிக்கு ஓர் உறுப்பும் கிடையாது. மேலே நூறு வேலிகள். கீழே ஒரே வில்லை. தோட்டத்துக்கு இட்ட இரசாயன உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து, பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2010களில் சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தபோதும் அது யாருடைய வளவென்று கேட்டுக்கொண்டு பரவவில்லை.

இவ்வேளையில் வேறொரு வேலியையும் நினைவுகூராமல் இருக்க முடியாது. இதே மண்ணில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்க் கிணற்றில் அள்ளும் உரிமையின்றி, யாராவது வந்து வார்ப்பார்களா என்று குடத்தோடு காத்து நின்றார்கள். சாதி காரணமாக இத்தகைய உரிமைகளை மறுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்த பின்னரும் உரிமை தானாக வரவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் அதனைத் தொடர்ந்த போராட்டங்களும் வேண்டியிருந்தன. ஒருவர் கயிறு பட்டால் தீட்டாகும் என்று காவல் செய்யப்பட்ட நீர், நிலத்தின் கீழ் அவருடைய குடிசையின் அடியிலும் நின்ற அதே நீர்தான். சாதி அநீதி என்பதை உணர்வதற்கு எவருக்கும் நுண்கணிதம் வேண்டியதில்லை. ஆனால் நுண்கணிதம் கற்ற பின்னரும் அதனைத் தீட்டென்று நம்பியவர்கள் இருந்தார்கள் என்பதுதான் நம்மை உறுத்துவது. கல்வி அவர்களுடைய கையில் தீர்க்கும் வித்தையைக் கொடுத்தது. கண்ணைக் கிணற்றின் பக்கம் திருப்பவில்லை.

கணிதத்தில் அரசியலைக் கலக்கலாமா, அது நடுநிலையானதன்றோ என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். சமன்பாடு நடுநிலையானதே, செல்வரின் கிணற்றுக்கு ஒரு விதி, வறியவரின் கிணற்றுக்கு வேறு விதி என்று அது பேசுவதில்லை. ஆனால் அதிலுள்ள இறைக்கும் அளவை யார் தீர்மானிக்கிறார்கள்? எவரிடம் இயந்திரம் இருக்கிறது, எவரிடம் வாளி மட்டும் இருக்கிறது? நீர் உவரான பின் போத்தல் நீர் வாங்கக்கூடியவர் எவர், உவர்நீரையே குடிக்க வேண்டியவர் எவர்? விதியை எழுதுவது இயற்கை. அந்த எண்களை நிரப்புவது சமூகம். எண்களைப் பற்றிப் பேசாதே, விதியை மட்டும் படி என்று மாணவருக்குச் சொல்வதுதான் உண்மையில் ஒரு பக்கம் சாய்ந்த செயல்.

இதனால் தூய கணிதத்துக்குத் தடை விதிக்க வேண்டும் என்று நாம் கூறுவதாக எவரும் கருதவேண்டாம். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்ற கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜ் சென்று டிராக்கின் மாணவரானார். கதிர்வீசும் இலத்திரனின் இயக்கத்துக்கு டிராக் 1938இல் தந்த சமன்பாடு மூன்றாம் வரிசையானது. தொடக்க நிலையும் வேகமும் மட்டும் அதற்குப் போதா. நேர்கோட்டிற் கருவை நோக்கிச் செல்லும் இலத்திரனை அச்சமன்பாட்டின்படி ஆராய்ந்த எலியேசர், அது கருவைச் சென்றடையாது இடைவழியில் திரும்பி விலகியோடும் என்று 1943இல் நிறுவினார். எதிர்மின்னேற்றம் நேர்மின்னேற்றத்தால் ஈர்க்கப்பட்டும் எட்ட ஓடுகிறது என்னும் அம்முடிவு, தம் ஆசிரியரின் சமன்பாட்டுக்கே சங்கடமானது. எனினும் அதனை மறைக்காமல் உலகின் முன் வைத்தார். அவருடைய ஆய்வு ஒரு குடம் நீரும் மொள்ளவில்லை, மொள்ள வேண்டியதுமில்லை. சமன்பாடு எவ்வளவு அழகியதாயினும், எவருடைய கையால் எழுதப்பட்டதாயினும், அதன் தீர்வை உலகத்தோடு ஒட்டிப் பார்க்கவேண்டும் என்ற நேர்மையை அது கற்பிக்கிறது. நாம் கிணற்றடியிற் கேட்பதும் அந்நேர்மையையே.

அந்நேர்மைக்கு இடம் தராத கல்விமுறை ஒன்று நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதன் பழியை மாணவர்மேற் சுமத்துவது கொடுமை. நீர்வளமும் நிலவளமும் குறைந்த நாட்டில் கல்வியே சீதனமும் முதுசமும் ஆயிற்று. எழுதுவினைஞர் உத்தியோகம் தேடி மலாயா வரை சென்றவர்களின் பிள்ளைகளுக்குச் சோதனையே வாழ்வின் வாயில் ஆயிற்று. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், ஒவ்வொரு புள்ளியையும் உயிர்ப் பிரச்சினையாக்கியது. இன்று தனியார் வகுப்புகளில் கடந்தகால வினாத்தாள்களை மனனம் செய்யும் பிள்ளை அந்த வரலாற்றின் பிள்ளைதான். கார்ல் மார்க்ஸ் தம் முதுமையில் நுண்கணிதத்தை ஊன்றிக் கற்றுக் குறிப்புகள் எழுதினார். அவை முழுமையாக 1968இல் மொஸ்கோவில் வெளிவந்தன. வகையீட்டில் மந்திரம்போல் மறைந்து கிடக்கும் படிகளை வெளிச்சத்துக்குக் கொணர்ந்து, மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்று காண்பதே அவருடைய நாட்டம். நமது வகுப்பறைகளில் மந்திரம் இன்னும் மந்திரமாகவே ஓதப்படுகிறது.

மொழியும் இதனோடு பிணைந்தது. 1823இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரி கணிதமும் வானியலும் கற்பித்தது. அது மூடப்பட்ட 1855ஆம் ஆண்டிலேயே கறல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் தமிழில் வெளிவந்தது. 1857இல் அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். 1974இல், கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது, அதன் விஞ்ஞான பீடம் முதலில் அதே வட்டுக்கோட்டையிலேயே இயங்கியது. எனினும் இன்றும் உயர்தர வகுப்புவரை தமிழிற் கணிதம் கற்கும் மாணவர், பல்கலைக்கழக வாயிலில் வகையீடு, தொகையீடு, பெறுதி என்னும் சொற்களைக் கழற்றி வைத்துவிட்டு ஆங்கிலத்தோடு உள்ளே போகிறார். ஆங்கிலம் வேண்டும், உலக ஆய்வோடு உறவாட அது தேவை. ஆனால் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, கிணறு ஏன் உவராகிறது என்று தாய்க்கும் தந்தைக்கும் விளக்க அவரிடம் எந்தச் சொல் எஞ்சியிருக்கிறது? தாம் கற்றதை ஊருக்குச் சொல்ல மொழியற்றவர், ஊரிலிருந்து கற்றுக்கொள்ளவும் மொழியற்றவராகிறார். எவ்வளவு ஆழத்தில் உவர் தட்டுகிறது, எந்த மாதத்தில் ஊற்று அடங்குகிறது என்று தலைமுறைகளாக அறிந்த விவசாயி அவருக்கு ஆசிரியராவதில்லை.

எனவே, மாணவரின் வினாவுக்கு நமது விடை இதுதான். வகையீட்டுச் சமன்பாடு, மாற்றத்துக்கு விதி உண்டு என்பதையும், அவ்விதியைப் பயன்படுத்தி மாற்றத்தின் திசையை மனிதர் மாற்றலாம் என்பதையும் ஒருங்கே கற்பிக்கிறது. கற்றவரின் கடமை பொதுத் தீர்வோடு முடிவதில்லை. அதன் எண்களைத் தம் மண்ணிலிருந்து எடுப்பதிலேதான் தொடங்குகிறது. ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். பாடவிதானம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாடசாலைக் கிணற்றில் ஒரு கயிற்றையும் கல்லையும் இறக்கி, வாரந்தோறும் நீர்மட்டத்தை அளந்து குறிக்க மாணவரைப் பழக்குங்கள். அயலிலுள்ள வளவுகளின் கிணறுகளையும், எந்த வேலிக்கு அப்பால் இருந்தாலும், அளக்கச் செய்யுங்கள். மழை நின்ற பின் மட்டம் தாழும் வீதத்தைக் கரும்பலகையில் வரைந்து, ஒழுக்கின் மாறிலியை அவர்களே கண்டுபிடிக்கட்டும். சோதனையில் அது வராமற் போகலாம். ஆனால் அக்கிணற்றில் நாளையும் நன்னீர் ஊறுமா என்ற கேள்வியை அவர்கள் கேட்கத் தொடங்குவார்கள்; விடையைத் தேடிக் காணும் கணிதமும் அவர்களின் கையில் இருக்கும்.