மூன்று ரூபாய் அபராதம்

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய ‘மத்தவிலாசம்’ என்ற சமஸ்கிருத நகைச்சுவை நாடகம், காஞ்சித் தெருக்களிலேயே நடக்கிறது. மண்டையோட்டைப் பிச்சைப் பாத்திரமாக ஏந்தும் சைவத் துறவியான ஒரு காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. பழி பௌத்தத் துறவி மேல் விழுகிறது. நியாயம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற பேச்சு எழுந்ததும் காபாலிகனின் துணைவி தயங்குகிறாள். விகாரங்களின் செல்வம் எதிராளியிடம் இருக்கிறது. அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான். காசில்லாத நம் பேச்சு அங்கே எடுபடுமா என்பது அவள் கவலை. கபாலத்தைக் கவ்விப்போனது நாய் என்பது வேறு கதை. தன் தலைநகரின் நீதிமன்றத்தைப் பற்றி அரசனே இப்படி எழுதத் துணிந்தான்!

அவள் அச்சத்துக்கு ஒரு பதிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் காணலாம். 1832இல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த முத்துசாமி ஐயர், கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் வேலையைத் தொடங்கியவர். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. அதற்கு முன் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது நடந்ததாக அவர் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. அத்துமீறி நுழைந்ததாகச் சொல்லி இந்தியர் ஒருவரை அடித்ததாக ஐரோப்பிய உயர் நீதிமன்ற நீதிபதி மீது புகார் வந்தது. நேரில் வரும்படி ஐயர் சம்மன் அனுப்பினார். அவ்வளவு பெரியவரை வரவழைக்க வேண்டாமே என்று தலைமை மாஜிஸ்திரேட் கருதினார். ஐயர் மசியவில்லை. நீதிபதி வந்தார், 3 ரூபாய் அபராதம் கட்டினார்.

தலைமை மாஜிஸ்திரேட்டின் எண்ணத்தை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. உயர் நீதிமன்ற நீதிபதியே குற்றவாளிக் கூண்டருகே நின்றால், மறுநாள் அவர் தீர்ப்பை யார் மதிப்பார்கள்? மரியாதை இல்லாமல் நீதிமன்றம் நடக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த மரியாதைக்கான விலையை அடிபட்டவர் ஏன் கொடுக்க வேண்டும்? பெரியவர் வராமலே வழக்கு முடிந்திருந்தால், காஞ்சிப் பெண்ணின் சந்தேகம்தான் உறுதியாகியிருக்கும்.

3 ரூபாய் போதுமா என்று கேட்கலாம். ஐயரின் முதல் வேலையில் அது மூன்று மாதச் சம்பளம். உயர் நீதிமன்ற நீதிபதிக்கோ சில்லறைக் காசு. ஆனால் ஆள் பெரியவர் என்பதற்காகவே அபராதத்தை ஏற்றினால் அதுவும் ஒருவகைப் பாரபட்சம். அங்கே கனமான தண்டனை சம்மன்தான்.

 

இன்றைய காஞ்சியில் லஞ்சத்தைவிட வாய்தாவே பெரிய தடை. பிள்ளையார்பாளையத்தில் புடவைக்கு இவ்வளவு கூலி என்று நெய்யும் ஒருவர், பாக்கிக் கூலிக்காக வழக்குப் போட்டால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாவு அப்படியே நிற்கும். குழித்தறியில் அன்று நாடா ஓடாது. எதிர்த்தரப்புக்கு வக்கீல் போனால் போதும். ஆகவே பெரிய இடத்துக்காக இன்னொரு வாய்தா கேட்கப்படும்போது, கேட்பவரை நேரில் வரச் சொல்லுங்கள். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.