எழும்ப மனதில்லாதவன் சோம்பேறியா?



ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு வியாதியோடு நான் பல வருஷமாய் ஜீவிக்கிறேன். காதில் யாரோ பேசுகிற சத்தமும், எல்லாரும் எனக்கு விரோதமாய் இருக்கிறார்கள் என்ற பயமும் மாத்திரையால் பெரும்பாலும் அடங்கிவிட்டன. ஆனால் ஒன்று அடங்கவில்லை. காலையில் எழும்ப மனசே வராது. பக்கெட்டில் தண்ணீர் நிறைந்திருக்கும், குளிக்கணும் என்று தெரியும், உட்கார்ந்தே இருப்பேன். "நல்லாத்தானே சாப்பிடுற, வேலைக்குப் போக மட்டும் முடியலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. "அது சோம்பல் ஆவி, உபவாசம் இரு தம்பி" என்றவர்களும் உண்டு. இது பாவமா, வியாதியா?

நீதிமொழிகள் சோம்பேறியைக் கடிந்துகொள்வது மெய்தான். ஆனால் அந்தச் சோம்பேறிக்கு ஆசை நிறைய இருக்கிறது. உழைப்புதான் அவனுக்குக் கசப்பு. என் காரியம் வேறே. எனக்கு ஆசை எழும்புகிற இடமே காய்ந்துபோகிறது. 1926-ல் மரித்த ஜெர்மன் வைத்தியர் எமில் கிரேப்லின், இந்த வியாதியில் சித்தத்தின் ஊற்றே பலவீனப்படுவதைக் கண்டு எழுதிவைத்தார். இதற்கான முதல் மாத்திரை வந்ததோ 1950-களில்தான். ஆகவே இதெல்லாம் மாத்திரை செய்கிற வேலை என்று சொல்லவும் முடியாது.

ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். சந்தோஷம் கைக்கு வந்தபோது அதை அனுபவிக்க எங்களில் அநேகருக்கு முடிகிறது. அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புதான் குறைகிறது. எனக்கும் அப்படியே. சபையில் பாட்டு ஆரம்பித்தால் கண்ணீரோடு ஆராதிப்பேன். வீட்டில் இருக்கும்போது அந்தச் சந்தோஷம் என்னை இழுப்பதில்லை.

சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவைக் கேட்ட எலியாவை நினைத்துப் பாருங்கள். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் காட்டினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான்! தூதன் சலித்துக்கொள்ளாமல் இரண்டாந்தரமும் வந்தானே, அதுதான் எனக்கு ஆறுதல்.

அப்படியானால் எனக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. மனசு வந்தபின் எழும்பலாம் என்று காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும். முதலில் கால் தரையில் படவேண்டும்; சில நாள் மனசு பின்னாலே வரும். ஒரு நாளைக்கு ஒரு வேலை, அதே நேரத்தில். அது முடிந்தால் ஸ்தோத்திரம். முடியாவிட்டால் நாளைக்கு மறுபடியும்.

மாத்திரையை நானாக நிறுத்துவதில்லை. சுகந்தருகிறவர் கர்த்தரே, ஆனாலும் பவுலின் கூடவே இருந்த பிரியமான லூக்கா வைத்தியன்தான். சோர்வு அதிகமானால் டாக்டரிடம் சொல்கிறேன். மாத்திரையின் அளவும் காரணமாகலாம், மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். அவரிடம் சொல்வது அவிசுவாசமல்ல.

சபையாருக்கு ஒரு விண்ணப்பம். திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்துவந்தபோது, இயேசு சுமந்தவர்களுடைய விசுவாசத்தையும் கண்டார். "ஞாயித்துக்கிழமை வருவியா?" என்று எங்களைக் கேட்டால் பதில் வராது. "எட்டரைக்கு உன் வாசல்ல நிக்கிறேன், சேர்ந்தே போவோம்" என்று சொல்லுங்கள். பாய் விரிக்கிறதோ, பாட்டுப் புஸ்தகம் கொடுக்கிறதோ, சின்ன வேலை ஒன்று கையில் தாருங்கள். ஒரு வாரம் வராவிட்டால், தூதனைப்போல இரண்டாந்தரமும் வாருங்கள்.

கால் முறிந்தவனை ஓடிக் காட்டு என்று நாம் கேட்பதில்லை. சித்தம் முறிந்தவனிடம் மட்டும் சித்தத்தைக் கேட்பது நியாயமா? உங்கள் சித்தத்தில் கொஞ்சம் எங்களுக்குக் கடன் கொடுப்பதே அன்பு. கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.