பகைவர்க்கும் நீதி

கதையில் தீயவர் கூட்டமொன்றைப் படைப்பவன் அவர்களை முற்றும் கரியராகத் தீட்டுதல் முறையா, அன்றி ஆளுக்கு ஆள் வேறுபடுத்திக் காட்டுதல் முறையா? இவ்வினா இன்று விளையாட்டு வரை வந்துவிட்டது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் சில இனத்தார் பிறவித் தீயவராகவே காட்டப்பட்டனர். 2020இல் வெளியீட்டாரே அப்போக்கை மாற்றுவதாக அறிவித்தனர்.

நமக்கு இவ்வினா புதிதன்று. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே கடலோரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையின் அபுல் காசிம் மரைக்காயர், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல். அக்காவியத்தில் பகையணித் தலைவன் அபூஜஹ்ல். அப்பகையணியிலிருந்து வாளேந்திப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள் ஈமான் கொண்டதையும் அதே காவியம் பாடுகிறது.

வரலாறு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஹாஷிம் குலத்தாரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஒதுக்கிவைத்தவர்கள் குறைஷியர். அந்த ஒப்பந்தத்தை முறிக்க எழுந்தவர்களும் குறைஷியரே. அவர்களுள் ஒருவரான முத்இம் இப்னு அதீ, தாயிஃபில் துன்புற்றுத் திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு மக்காவில் அடைக்கலம் தந்தார். அவர் இஸ்லாத்தைத் தழுவாமலே இறந்தார். ஆயினும் 624இல் பத்ருப் போர் முடிந்தபின், முத்இம் உயிரோடிருந்து கேட்டிருப்பின் கைதிகளை அவர்பொருட்டு விட்டிருப்போம் என்னும் கருத்துப்பட அண்ணலார் மொழிந்ததை ஸஹீஹுல் புகாரி அறிவிக்கிறது.

‘இவ்வாறு காட்டினால் தீமையின் கொடுமை மங்கிவிடாதா?’ என்பர் சிலர். மங்காது, மிகும். பிறவியிலேயே தீயவன் என்றால் அவன்மீது குற்றம் ஏது? உருண்டுவந்து மோதிய கல்லை எவரும் நீதிமன்றத்தில் நிறுத்துவதில்லை. முத்இமால் இயன்றது மற்றவர்க்கும் இயன்றிருக்கும் என்பதாலன்றோ அவர்கள் குற்றவாளிகள்! அபூஜஹ்லின் மகன் இக்ரிமா (ரலி) அவர்களே, மக்கா வெற்றிக்குப் பின் 630இல் நேர்வழியைத் தேர்ந்தார். கொடுமைக்குச் சாக்குத் தேடச் சொல்லவில்லை நாம். தேர்வு அவர்கள் கையில் இருந்தது என்பதை மறைக்க வேண்டா என்கிறோம்.

திரைப்படங்களில் தொப்பியும் தாடியும் தீவிரவாதத்தின் அடையாளமாக வரும்போது நம் நெஞ்சம் புண்படுகிறது. ‘எங்களில் எல்லாரும் ஒருவரல்லர்’ என்கிறோம். அந்நீதியைப் பிறரிடம் கேட்கும் நாம், நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் பிற கூட்டத்தாரை எப்படிக் காட்டுகிறோம்? ஒரு கூட்டத்தார்மீது கொண்ட பகை நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் இடும் கட்டளை. கதை சொல்லும் நாவும் அக்கட்டளைக்கு உட்பட்டதே.