துயரத்தின் ஐந்தொகை

சிட்டையில் அன்றாடம் எழுதுகிறோம். ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கிறோம். அன்றாடம் கண்ணுக்குத் தப்பிய நஷ்டம் ஐந்தொகையிலேதான் முகம் காட்டும். பத்திரிகைப் படங்களுக்கும் அத்தகைய ஓர் ஐந்தொகை உண்டு. 1955-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் தோன்றிய வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்னும் ஸ்தாபனம், பல நாட்டுப் பத்திரிகைப் படங்களை ஆண்டுதோறும் ஆராய்ந்து, பரிசளித்து, நூலாகவும் காட்சியாகவும் உலகின் முன் வைத்து வருகிறது.

அந்தக் கணக்கில் தமிழ்க் கரையும் ஏறியிருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த சுனாமி நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளை அழித்தது; நமது பினாங்கு, கெடா கரைகளையும் விடவில்லை. இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ராய்ட்டர் நிறுவனத்தின் அர்க்கோ தத்தா எடுத்த படமே அவ்வாண்டின் தலைசிறந்த படமாயிற்று. ஒரு மாது மண்ணில் குப்புற வீழ்ந்து, கைகளை விரித்துக் கதறுகிறாள். மாண்ட உறவினரின் கை மட்டுமே ஓரத்தில் தெரிகிறது.

இழப்பு அவளுடையது, பரிசு படக்காரருடையது. இது நியாயமான வியாபாரமா? இக்கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட இயலாது, அன்பர்களே.

1984 டிசம்பரில் போப்பால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தைப் பாப்லோ பார்த்தலோமியு படமெடுத்தார். அதுவும் அவ்வாண்டின் முதற் பரிசு பெற்றது. 1989-இல் 47 கோடி டாலர் நஷ்டஈடு என்று கம்பெனி கணக்கை முடித்தது. அந்தப் பிஞ்சு முகமோ இன்றளவும் கணக்கை மூட விடவில்லை. படம் எடுக்கவே கூடாது என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயின் முகத்தைக் காட்டுவது முறைதானா? போப்பாலில் குற்றம் இருந்தது, சாட்சி தேவைப்பட்டது. கடலூரில் அலைமீது வழக்குத் தொடுப்பார் யார்? அங்கே வேண்டியது பரிவு. அதற்கு ஒரு கை போதுமாயிருந்தது. சாட்சியும் கண்ணியமும் ஒன்றாய் நிற்பதும் கூடும். 2023 அக்டோபரில் காஸாவில் முகம்மது சலேம் எடுத்து, மறு ஆண்டில் முதற் பரிசு பெற்ற படத்தில், வெள்ளைத் துணியில் பொதிந்த குழந்தையை ஒரு பெண் அணைத்திருக்கிறாள். இருவர் முகமும் தெரியவில்லை. நடந்த கொடுமையோ முழுவதும் தெரிகிறது.

ஆகவே, பிறர் துயரின் படம் ஓர் அமானிதம். துயருற்றவரின் பொருட்டே அதைக் காட்டலாம்; காட்டுகிறவரின் பொருட்டு அன்று. பார்த்தவரும் கடன்பட்டவரே. சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராமல் போவதுபோல், பார்த்துப் பெருமூச்செறிந்துவிட்டுப் போதல் தகாது. கடலூர் மாதுக்கு நாம் தர வேண்டியதை, நம் அண்டையில் அழுகிறவருக்கேனும் தந்து தீர்க்கலாம்.

இன்று படக்கருவி இல்லாத சட்டைப்பை இல்லை. ஸ்கூடாய் சாலையில் ஒரு விபத்தென்றால், ஆம்புலன்ஸ் வருமுன்பே மாண்டவர் முகம் ஆயிரம் கைப்பேசிகளுக்குப் போய்விடுகிறது. அனுப்பும் விரல் ஒரு கணம் நிற்கட்டும்: இது நம் வீட்டு ஜனாஸாவாயிருந்தால், இந்தப் படம் ஊர் சுற்றச் சம்மதிப்போமா?