கஞ்சித் தண்ணி உயிர் காக்காது

பக்கவாதத்தில் விழுந்து, விழுங்க முடியாமல் படுத்துவிட்ட அம்மாவுக்கு வேளாவேளைக்குக் கஞ்சித் தண்ணி ஊற்றுகிறோம். பார்லி கொடுக்கிறோம். ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்து ஊட்டுகிறோம். இத்தனையும் செய்த பிறகும் அம்மா பட்டினிதான் கிடக்கிறாள். மெர்லிமாவ், ஜாசின், தெபோங், பூலாவ் செபாங் என்று மலாக்காவின் தோட்டங்களிலும் தாமான்களிலும் வாழும் உறவுகளே, இதை உங்கள் வீட்டில் நடக்கவிடாதீர்கள். நம் வீடுகளில் பாசத்துக்குக் குறைவில்லை. கணக்குப் பார்க்காததால்தான் இந்தப் பட்டினி வருகிறது. ஆனால் காரணம் எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரிதான் வற்றும். தசை கரையும். படுக்கைப் புண் ஆறாது. சளியை இருமித் தள்ளக்கூட வலுவிருக்காது. பிறகு ஒரு காய்ச்சல் போதும்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. படுக்கையில் இருப்பவருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி நாள்தோறும் வேண்டும். 50 கிலோ எடையென்றால் 1,250 முதல் 1,500 கலோரி. புரதம் 50 முதல் 60 கிராம். இப்போது கஞ்சியைப் பாருங்கள். ஒரு கைப்பிடி அரிசி ஏறக்குறைய 30 கிராம், அதில் சுமார் 100 கலோரி. அதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தாலும் இரண்டு லிட்டரில் கரைத்தாலும் அந்த 100தான். வடிகட்டித் தெளிவை மட்டும் கொடுத்தால் அதிலும் குறையும். மூன்று வேளைக்கு மூன்று கைப்பிடி என்றால் 300 கலோரி. இடையில் ஒரு டம்ளர் இளநீர் கொடுத்தால் 40 கூடும். மற்ற ஆயிரம் கலோரியை உடம்பு தன் சதையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ‘அம்மா நல்லாத்தான் குடிக்கிறாங்க’ என்று வருகிறவர்களிடம் சொல்லும் நாளிலேயே அம்மா இளைத்துக்கொண்டிருக்கிறாள்.

டின் பாலிலும் இதே கதைதான். என்ஷூர், நியூட்ரன் போன்ற முழுச்சத்துப் பால்மாவில் கிராமுக்கு நாலேகால் முதல் நாலரைக் கலோரி வரை இருக்கும். 850 கிராம் டின் ஒன்றில் மொத்தம் சுமார் 3,700 கலோரி. நாளுக்கு 1,500 போகவேண்டும், அதுவே முழு உணவு என்றால் அந்த டின் இரண்டரை நாளில் காலியாக வேண்டும். ஒரு வாரம் வந்தது என்றால் நாளுக்கு 530 கலோரிதான் உள்ளே போயிருக்கிறது. விலை கட்டுப்படியாகாமல்தான் இழுக்கிறீர்கள் என்பது தெரிகிறது. பணத்துக்கு என்ன வழி என்று கடைசியில் சொல்கிறேன். ஆனால் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். ரப்பர் தோட்டத்தில் மரத்துப் பாலில் யாராவது தண்ணீர் கலந்து எடை காட்டினால் மெட்ரோலாக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனிக்காரன் பாலுக்கு இருந்த அந்தக் காவல் பெற்றவள் குடிக்கும் பாலுக்கு வேண்டாமா? அளவுக்கரண்டியைத் தட்டையாக வழித்து எடுங்கள். டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த மாவு எத்தனை கரண்டி, தண்ணீர் எத்தனை மில்லி என்பதைச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: நேரம், எத்தனை மில்லி, வாந்தி உண்டா, மலம் போனதா. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நிற்க முடியாதவருக்கு மேல்கையின் நடுவில் தையல் டேப்பைச் சுற்றி அளந்து எழுதுங்கள்; 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் உடம்பு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே மாதத்தில் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால், அதாவது 60 கிலோ ஆள் 57க்கு வந்தால், அடுத்த தவணை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

விழுங்கவே முடியாதவருக்கு இந்தப் பாலை மூக்குவழியாக வயிற்றுக்கு விடும் குழாயில் கொடுக்கலாம். ஆனால் குழாய் என்றதும் பலருக்குக் கை நடுங்குகிறது. ‘மூக்கில டியூப் போட்டுட்டாங்களா, அப்போ முடிஞ்சது’ என்று வாசலிலேயே தீர்ப்புச் சொல்லும் உறவினரை நம்பி நாள் கடத்தாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவது கெட்டுப்போகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பி வருகிறது. அந்த வாரங்களைக் கடக்க ஒரு பாலமாகத்தான் குழாய். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ‘ஃபுட்’ ஆய்வில், விழுங்க முடியாத பக்கவாத நோயாளிகளில் சீக்கிரமே குழாய் வைத்தவர்களிடையே இறப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 6 குறைவாக இருந்தது. இது தற்செயலாகவும் இருக்கலாம், பிழைத்தவர்களில் சிலர் பிறர் துணையின்றி வாழ முடியாத நிலையிலேயே இருந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மூக்குவழிக் குழாயே போதும் என்பதும் அதிலிருந்து தெரிந்தது. நெடுநாள் தேவைப்பட்டால் வயிற்றில் நேராக வைக்கும் ‘பெக்’ குழாயைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அதை முதன்முதலில் ஒரு கைக்குழந்தைக்குத்தான் வைத்தார்கள். சாகக் கிடப்பவருக்கென்று பிறந்த கருவியில்லை அது.

குழாய்க்குப் பயந்து வாயிலேயே திணிப்பது இன்னொரு தவறு. விழுங்கத் தெரியாத தொண்டையில் தண்ணீரும் தேத்தண்ணியும்தான் மிக ஆபத்து, ஏனென்றால் அவை வேகமாக ஓடி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சிலருக்கு இருமல்கூட வராமல் இறங்கும். சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி காய்ச்சல் வருவது, மூச்சு வாங்குவது ஆகியவற்றைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். ஊறிய ரொட்டியோடு தேத்தண்ணியும் சேர்ந்து போவதால் அது மென்மையான உணவு போலத் தோன்றினாலும் இரட்டை ஆபத்து. பார்க்க வருகிறவர்கள் பாசத்தில் ஒரு வாய் மைலோ, ஒரு கரண்டி பால் என்று ஊற்றுவதை மரியாதை பார்க்காமல் தடுங்கள். எது விழுங்கலாம், எது கூடாது என்று சோதித்துச் சொல்பவர் பேச்சுச் சிகிச்சையாளர். பேசவைக்கும் தசைகளே விழுங்கவும் உதவுவதால் இது அவருடைய வேலை. மலாக்கா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன், ‘விழுங்கும் சோதனை செய்தாச்சா? எந்தப் பதத்தில் கொடுக்கணும்?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். தண்ணீர்ப் பதம் முதல் சாதாரண உணவு வரை 0 முதல் 7 என்று எட்டுப் படிகள் இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளன. உங்கள் ஆளுக்கு எந்த எண் என்று எழுதி வாங்குங்கள். கெட்டியாக்கும் மாவையும் அவர் சொன்ன அளவில்தான் கலக்க வேண்டும்.

வாயால் சாப்பிட அனுமதி கிடைத்தால், நேராக உட்காரவைத்து, டிவியை அணைத்து, சிறு கரண்டியில் கொடுங்கள். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முடிந்ததும் கன்னத்து ஓரம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். பல் துலக்குவதை விடவே கூடாது; அழுக்கு வாயின் எச்சில்தான் நுரையீரலில் சீழாகிறது. குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு ஒவ்வொரு கரண்டியிலும் சத்து இருக்கவேண்டும். கெட்டிக் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் 45 கலோரி. வேகவைத்து அரைத்த ஒரு முட்டை 70 கலோரியும் 6 கிராம் புரதமும் தரும். கெட்டித் தேங்காய்ப்பால், குழைந்த பருப்பு, பால் பவுடர் இவற்றைச் சேர்த்து, பதம் மாறாமல் மைய அரைத்துக் கொடுங்கள்.

குழாயில் கொடுப்பவர்கள் இந்த ஒழுங்கை மீறாதீர்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்துங்கள். கொடுத்து முடித்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் குழாயில் மூக்கோரம் இட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிஎச் தாள் கொடுத்திருந்தால் வயிற்று நீர் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். காற்றடித்து வயிற்றில் காது வைத்துக் கேட்பது நம்பத்தக்க சோதனையல்ல. சிரிஞ்சைப் பிஸ்டனால் அழுத்தாதீர்கள், பால் தானாக இறங்கட்டும். முன்னும் பின்னும், மருந்துக்குப் பிறகும், ஆறிய கொதிநீர் 30 மில்லி விட்டுக் குழாயைக் கழுவுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரைகளை இடிக்கக் கூடாது. மாற்று மருந்து கேளுங்கள். கலந்த பால் நம் வெயிலில் 4 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கொட்டிவிடுங்கள். வீட்டுச் சாப்பாட்டை அரைத்து ஊற்ற ஆசையிருந்தால் டயட்டீஷியனைக் கேட்காமல் செய்யாதீர்கள். தண்ணியாகக் கரைத்தால் சத்து இருக்காது, கெட்டியாகக் கரைத்தால் குழாய் அடைக்கும். குழாய் கழன்றால் நீங்களே செருகாதீர்கள். வயிற்றுக் குழாய் கழன்றால் அந்தத் துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பிக்கும், அன்றே ஓடுங்கள்.

நம்மவர்களுக்கு இனிப்பு நீர் அதிகம். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு அது இருந்தது. ‘சுகர் ஏறுது’ என்று பாலைக் குறைத்துவிடும் வீடுகளுக்குச் சொல்கிறேன்: பாலைக் குறைக்காதீர்கள், மருந்தை மருத்துவர் மாற்றட்டும். இன்சுலின் போட்டுவிட்டுப் பாலை நிறுத்தினால் சர்க்கரை இறங்கி உயிரே போகலாம். நாலைந்து நாள் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதவருக்கு ஒரே நாளில் முழு அளவும் கொடுப்பதும் கூடாது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, பட்டினியில் கிடந்த கைதிகள் திடீரென்று உணவு கிடைத்ததும் சிலர் மடிந்ததை மருத்துவர்கள் குறித்துவைத்தார்கள். இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சடாரென இறங்குவதுதான் காரணம். மருத்துவமனையில் இரத்தம் பார்த்து, படிப்படியாக ஏற்றவேண்டும்.

விழுங்க முடியாத இந்த நிலை வராமல் தடுக்கவும் நமக்குக் கடமை உண்டு. பக்கவாதம் மட்டுமல்ல, வாய்ப்புற்றும் விழுங்குவதைக் கெடுக்கும். இந்நாட்டில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியரிடம், அதிலும் பெண்களிடம், அதிகம். லயத்துத் திண்ணையில் பாட்டிமார் மடியில் இருந்த வெற்றிலைப் பையே அதற்கு முக்கியக் காரணம். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்று உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. இரண்டு வாரம் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை தொடங்குகிறவர்கள், வாய் வெந்துபோகும் வாரங்களில் என்ன சாப்பிடுவது, குழாய் முன்கூட்டியே வேண்டுமா என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

ஒரு விதிவிலக்கும் உண்டு, அதை மறைப்பது அறமாகாது. மறதி நோய் முற்றி, உடல் தானே அடங்கிவரும் முதியவருக்குக் குழாய் ஆயுளைக் கூட்டுவதில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே நல்லது என்று முதியோர் மருத்துவர்கள் 2014லேயே அறிவுறுத்தியிருக்கிறார்கள். எந்த நிலை என்பதை மருத்துவரோடு குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். செலவுக்கும் சோம்பலுக்கும் பயந்து ‘அவங்களுக்கு நேரம் வந்துடுச்சு’ என்று சொல்லிவிடாதீர்கள்.

இனி பணம். படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்பவருக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து மாதந்தோறும் உதவித்தொகை தரும் திட்டம் கெபஜிக்கான் எனும் சமூக நல இலாகாவில் இருக்கிறது. மருத்துவரின் கடிதத்தோடு மனுச் செய்யுங்கள். சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டியவராக இருந்தால் இயலாமை ஓய்வூதியம் உண்டா என்று கேளுங்கள். வீட்டுக்கே தாதியர் வந்து குழாய் மாற்றும் சேவை உங்கள் கிளினிக் கெசிஹாத்தானில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கோயில் நிர்வாகத்தாரே, திருவிழா அன்னதானத்துக்கு அண்டா அண்டாவாகச் சமைக்கிறீர்கள். அதில் ஒரு பங்கை உங்கள் வட்டாரத்தில் குழாயோடு கிடக்கும் ஒருவரின் மாதப் பாலுக்கு ஒதுக்குங்கள். அதுவும் அன்னதானம்தான்.

கடைசியாக, ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு. இரவும் பகலும் நாலு மணிக்கொரு தரம் எழுந்து பால் கலக்குவது பெரும்பாலும் உங்கள் அண்ணியோ அக்காவோதான். போன் எடுத்து ‘அம்மா எப்படி இருக்காங்க?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். இன்று எத்தனை மில்லி போனது, இந்த வாரம் எடை எவ்வளவு, டின் எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். குறைந்திருந்தால் இன்றிரவே பணம் அனுப்புங்கள். வரும் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, சிரிஞ்சைக் கையில் வாங்கிக் கற்றுக்கொண்டு, அந்த இரண்டு ராத்திரி உங்கள் அண்ணியையோ அக்காவையோ தூங்கவிடுங்கள்.