முகம் தெரிகிற தூரம்

1859இல் யோகோஹாமா துறைமுகம் அந்நியருக்குத் திறந்ததும் ஜப்பானின் மர அச்சுச் சித்திரக்காரர்களுக்குக் கை ஓயவில்லை. அமெரிக்கர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், டச்சுக்காரர் என்று ஐந்து நாட்டார் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களைப் படத்திலாவது பார்த்துவிட ஜனங்களுக்கு ஆவல். வரைந்தவர்களில் பலர் வெள்ளைக்காரரை அருகில் பார்த்தவர்களே அல்லர். லண்டன் பத்திரிகைப் படங்களைப் பார்த்து வரைந்தார்கள். மூக்கு நீண்டது, தாடி செம்பட்டையானது, தொப்பி உயர்ந்தது. ஒரே சாயல் ஒரு தாளில் ரஷ்யனாகவும் இன்னொரு தாளில் ஆங்கிலேயனாகவும் பெயர் தாங்கி வந்தது.

பம்பாயின் மாட்டுங்காவில் வாழும் தமிழன் இந்தப் படங்களைச் சும்மா புரட்டிவிட்டுப் போக முடியாது. அவனையும் இப்படி வரைந்திருக்கிறார்கள். 1960 ஆகஸ்டில் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' என்ற மராத்தி கேலிச்சித்திர வார இதழ், கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சடித்தது. 1966இல் தாக்கரேயின் சிவசேனைக் கட்சி பிறந்தது. சுருக்கெழுத்து படித்து ஆபீசுக்குப் பேன்ட் போட்டுப் போன பாலக்காட்டு ஐயர், உடுப்பி ஹோட்டலில் மாவரைத்த துளுக்காரர், தாராவித் தோல் பட்டறையில் உழைத்த திருநெல்வேலிக்காரர், மூவருக்கும் ஒரே உருவம்: லுங்கி கட்டிய மதராசி. அந்த உருவத்தின் மேல் எறிந்த கல் நிஜமான ஹோட்டல் கண்ணாடியில் விழுந்தது. கோபத்துக்குக் காரணம் இருந்தது, வேலையில்லாத மராத்தி இளைஞனின் வயிறு பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் கையில் கொடுக்கப்பட்ட படம் பொய்.

சதாஹிதே என்ற ஓவியர் யோகோஹாமாவில் தானே பார்த்ததையும் கேட்டதையும் வைத்து 1862 முதல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வெளிநாட்டார் வீட்டுச் சமையலறை இருக்கிறது, ரொட்டி சுடுகிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். மூக்கின் நீளத்தை அளந்த கண், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டது. பிறத்தியானின் படம் அவனைக் காட்டுவதைவிட, வரைந்தவன் எவ்வளவு தள்ளி நின்றான் என்பதைத்தான் முதலில் காட்டுகிறது. அந்தத் தூரத்தைக் குறைக்கப் பெரிய மனசு வேண்டும் என்றுகூட இல்லை, அடுத்தவன் அடுப்பங்கரை வரை போனாலே போதும். மாட்டுங்காவில் அது நடந்தது. 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலை இடம் கிடைக்கக் காத்து நிற்கும் மராத்திக் குடும்பங்களுக்கு உள்ளே இருப்பவர்கள் யாரும் அந்நியர் அல்லர்.

தாக்கரே தொழில் பழகிய ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் அவரோடு வேலை பார்த்த இன்னொரு கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண். மைசூரில் பிறந்தவர், தமிழ்க் குடும்பம். பம்பாய்க்குப் பிழைக்க வந்த அந்த வெளியூர்க்காரர் பிறகு டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் 1951 முதல் ஒரு சாமானியனை வரைந்தார். கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக் கண்ணாடி. எந்த மாநிலத்து ஆள் என்று தெரியாத அவனை மராத்திக்காரர்களும் தங்களில் ஒருவனாகவே எடுத்துக்கொண்டார்கள். புனேயில் அவனுக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள்.